பக்கத்துக் கட்டிலின் தூக்கம்

வகுப்பறையின் ஒரு சுவருக்குப் புதுப் பெயின்ட் அடித்திருந்தார்கள். ஜெஸ்லினுக்கு அது ஒன்றே போதுமாக இருந்தது. மறைக்க ஒன்றும் இல்லாதவர்கள் எதற்காகப் பெயின்ட் அடிக்கப்போகிறார்கள்? மற்ற மூன்று பக்கமும் பழைய மங்கிய பச்சை அப்படியே இருக்க, ஜன்னல் பக்கத்துக்கு மட்டும் இளமஞ்சள். அந்த மஞ்சளுக்கு அடியில் ஒரு விரிசல் இருக்கிறது. கூரை மூலையில் தொடங்கி, முருங்கைக் கிளைபோலப் பிரிந்து பிரிந்து கரும்பலகைவரை வந்த விரிசல். பூமி குலுங்கிய வாரத்தில், விட்டுப்போன பையை எடுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு மாடியேறியபோது கண்ணால் கண்டது. இப்போது அங்கே எதுவுமே நடக்காததுபோல வழவழவென்று மஞ்சள். கட்டடம் உறுதியாக இருக்கிறது என்று சொல்ல ஒரு இன்ஜினியரைக் கூட்டிவந்தார்கள். சந்தையில் பலாப்பழம் வாங்குகிறவரைப்போல அவர் விரல் முட்டியால் தூணைத் தட்டினார், காதை வைத்துக் கேட்டார், டீயைக் குடித்தார், போய்விட்டார். தட்டிப் பார்த்து வாங்கிய பலாவை வீட்டுக்குக் கொண்டுபோய் வெட்டினால் உள்ளே அழுகிக் கிடந்த கதை தக்கலையில் எந்த வீட்டில் இல்லை? அந்தத் தக்கலையிலிருந்துதான் டாக்டர் படிப்புக்கென்று ஜெஸ்லின் நேபாளத்தின் இந்த மலையடிவார ஊருக்கு வந்தாள். வந்த முதல் வருஷமே பூமி ஆடியது. கோடையும் மழையும் தகரக் கொட்டகையில் பாடம் கேட்டுக் கழிந்தன. இன்றைக்குத்தான் மறுபடி கான்கிரீட் கட்டடம், அதுவும் இரண்டாம் மாடி. அவள் கதவோரமாகக் கடைசி பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து, வலது காலை வெளியே நீட்டி வைத்திருந்தாள். ஓடுவதற்கு ஆயத்தமாக என்று பார்க்கிறவர்கள் நினைத்துவிடக் கூடாதே என்று அந்தக் காலின் மேல் பையைச் சாய்த்து வைத்திருந்தாள். மேஜைமேல் தண்ணீர் பாட்டில். பாட்டிலில் தண்ணீர் அசைகிறதா? அசைகிறது. முன்னால் இருக்கிறவன் காலை ஆட்டுகிறான், அதனால் அசைகிறது. அவன் காலை ஆட்டுவதால் மட்டும்தானா? அவன் ஆட்டுவதை நிறுத்தினான். தண்ணீர் உடனே நிற்கவில்லை. தண்ணீர் எப்போதும் உடனே நிற்காது என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். சொன்ன குரலையும் அவள் நம்பவில்லை.

டாக்டர் உபாத்யாய் உள்ளே வந்து பலகையில் ஒரு காதை வரைந்தார். உடலியங்கியல் எடுக்கும் வயதான மனிதர், நத்தைக்கூட்டைப்போலக் காதின் உட்புறத்தை ஒரே இழுப்பில் வரைந்துவிடுவார். “இன்றைக்குச் சமநிலை. நாம் நிமிர்ந்து நிற்கிறோம் என்பது நமக்கு எப்படித் தெரிகிறது?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். பாடத்திட்டத்தில் இதற்கு முன்னால் கண் இருக்கிறது, நாக்கு இருக்கிறது, மூக்கு இருக்கிறது. அத்தனையையும் தாண்டி, கட்டடத்துக்குத் திரும்பிய முதல் நாளில் இவருக்கு ஏன் இந்தப் பாடம் வேண்டும்? காதுக்குள்ளே வளையங்களில் நீர் இருக்கிறதாம், தலை திரும்பினால் அந்த நீர் பின்தங்கி ஆடுமாம், மணலைவிடச் சின்ன கற்கள் ஒரு கூழின் மேல் உட்கார்ந்து மேல் எது கீழ் எது என்று சொல்லுமாம். அந்தக் கற்கள் பொய் சொன்னால்? சொல்லிக்கொண்டிருக்கிறவர் பலகையைப் பார்க்காமல் வகுப்பையே பார்க்கிறார். யார் முகம் வெளுக்கிறது, யார் எச்சில் விழுங்குகிறார்கள் என்று வரிசை வரிசையாகப் போகிறது அவர் கண். இப்படித்தான் போன மாதம் மனநலப் பிரிவிலிருந்து ஒரு அம்மாள் வந்தார். கொட்டகையில் எல்லோரையும் உட்காரவைத்து, தேன் தடவிய குரலில், “ஆடாதபோதும் ஆடுகிற மாதிரி இருக்கிறவர்கள் கை தூக்குங்கள், வெட்கமே வேண்டாம்” என்றார். ஒரு கைகூட எழவில்லை. “தூக்கம் வராதவர்கள்?” எழவில்லை. “குளிக்கப் போனால் கதவைச் சாத்தப் பயப்படுகிறவர்கள்?” யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அந்த அம்மாளும் சிரித்து, “நல்லது, நீங்கள் எல்லோரும் ரொம்ப தைரியசாலிகள்” என்று சொல்லிப் போனார். ஜெஸ்லின் தன் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், தன்னை மீறி ஒன்று எழுந்துவிடுமோ என்று. அத்தனை பேரும் பொய் சொன்னார்களா? சொல்லியிருக்க வேண்டும். அப்படி இல்லையென்றால் இந்த வகுப்பிலேயே கெட்டுப்போன காது அவளுடையது மட்டும்தான். எது உண்மையாக இருந்தால் தேவலை என்று அவளுக்கு இன்றுவரை தெரியவில்லை. பொய் சொல்கிறவர்கள் நடுவில் இருப்பதா, நல்லபடி இருக்கிறவர்கள் நடுவில் தான் மட்டும் இப்படி இருப்பதா?

நல்லபடி இருக்கிறவள் என்றால் வெண்ணிலாதான். அதோ, வகுப்பின் நட்டநடுவில், தூணை ஒட்டி உட்கார்ந்து மாங்கு மாங்கென்று எழுதுகிறாள். நாமக்கல்காரி. ஜெஸ்லினின் அறைத்தோழி, பக்கத்துக் கட்டில். விளக்கை அணைத்த மறு நிமிஷம் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு மல்லாக்கப் படுத்தால், காலையில் அலாரம் அடிக்கும்வரை ஒரு புரளல் கிடையாது, ஒரு முனகல் கிடையாது. உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு ஜெஸ்லின் கிடக்க, பக்கத்தில் ஒருத்தி கல்லைப்போலத் தூங்குவதைக் காட்டிலும் கொடுமை உண்டா? மனிதப் பிறவிக்கு இப்படித் தூக்கம் வருமா? மாத்திரை போடுகிறாளோ என்று ஒருநாள் அவள் குளிக்கப் போன நேரத்தில் மேஜையைத் துழாவினாள். சீரகமும் ஒரு தைலக் குப்பியும்தான் இருந்தன. அத்தோடு விட்டிருந்தால் சரி. தாழ்ப்பாள் விஷயம் இருக்கிறதே. படுக்கப்போகும் முன் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுகிறவள் ஜெஸ்லின். விடுதியில் கண்டவர்களும் நடமாடுகிறார்கள், நிவாரண வேலைக்கென்று வந்த யார் யாரோ கீழே தங்கியிருக்கிறார்கள், போட்டுத்தான் ஆக வேண்டும். காலையில் பார்த்தால் தாழ்ப்பாள் திறந்திருக்கும். கதவு சாத்தியபடி, தாழ் மட்டும் விலகியிருக்கும். முதல் தடவை மறந்துவிட்டோம் என்று நினைத்தாள். அடுத்த தடவை போட்டதும் இழுத்துப் பார்த்துவிட்டுப் படுத்தாள். காலையில் திறந்திருந்தது. கண்ணயர்ந்த கொஞ்ச நேரத்தில் யார் வருகிறார்கள், யார் போகிறார்கள்? கல்லைப்போலத் தூங்குகிறவள் எழுந்து எங்கே போகிறாள்? கேட்கவும் வாய் வரவில்லை. கேட்டால், நீ தூங்காமல் என்ன செய்துகொண்டிருந்தாய் என்று அவள் திருப்பிக் கேட்பாள். இதற்கு மேலும் ஒன்று உண்டு. ஒருநாள் சாயங்காலம் கட்டிலில் கிடந்த வெண்ணிலாவின் போன் அதிர்ந்தது. திரையில் பெயர்: ஜெஸ்லின் அப்பா. ஜெஸ்லின் கையை நீட்டுவதற்குள் வெண்ணிலா பாய்ந்து வந்து எடுத்துக்கொண்டு, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய் நெடுநேரம் பேசினாள். திரும்பி வந்தவள் முகத்தில் ஒரு தெளிவு. “யாருடி?” என்றதற்கு, “ஊர்லருந்து” என்றாள். யாருடைய ஊரிலிருந்து?

அதற்குப் பிறகுதான் அப்பா அந்தக் கேள்வியைக் கேட்க ஆரம்பித்தார். நாகர்கோவிலிலிருந்து களியக்காவிளைக்குப் பஸ் ஓட்டுகிறவர் அப்பா. இத்தனை காலமும் போனில், “சாப்ட்டியா மக்களே, குளுரு எப்படி இருக்கு?” என்பதோடு முடித்துக்கொள்கிற மனிதர். திடீரென்று, “உறங்குதியா மக்களே? நல்லா உறக்கம் வருதா?” என்கிறார். உறக்கத்தைப் பற்றி இவருக்கு யார் சொன்னது? “எனக்கு என்னப்பா, படுத்தா உறங்கிருவேன்” என்றாள். அந்தப் பக்கம் பஸ் ஸ்டாண்டின் இரைச்சல் மட்டும் கேட்டது. “சரி மக்களே” என்றார். அந்தச் சரியில் என்ன இருந்தது என்று அவள் அன்றிலிருந்து உரித்து உரித்துப் பார்க்கிறாள். நிலநடுக்கம் வந்த மறுநாளே, “படிச்சது போதும், வீட்டுக்கு வந்துரு” என்று அழுதவர் அவர். அவள்தான் தைரியசாலியாக நடித்து அவரை அடக்கினாள். இப்போது வெண்ணிலா ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுக்கிறாள்: ராத்திரி முழுக்கக் கண்ணைத் திறந்துகொண்டு கிடக்கிறாள் மாமா, சோற்றை அளைந்துவிட்டு எழுந்துவிடுகிறாள், பாட்டில் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஒருநாள் வகுப்பு முடிந்து வெளியே போனால் மரத்தடியில் அப்பா கையில் பையோடு நின்றுகொண்டிருப்பார். அவ்வளவுதான், டாக்டர் படிப்பு முடிந்தது. அந்த மரத்தடியை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். யாரும் இல்லை. யாரும் இல்லாதது நெஞ்சில் லேசாக ஏமாற்றம்போல இறங்கியதே, அது என்ன? வரமாட்டாரா என்று காத்திருக்கிறாளா? அப்படியானால் நம்பக்கூடாதவள் வெண்ணிலா மட்டும் இல்லை.

“இந்த நீர் ஒரு தடவை ஆடிவிட்டால் அடங்க நேரமாகும்” என்று உபாத்யாய் சொல்லிக்கொண்டிருந்தார். அடங்குமா? பூமி ஆடிய அன்றைக்கு விடுமுறை, குளிர்காலக் காலை. அறைக்குள் நனைந்த துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். வெளியே யாரோ, “புயிஞ்சாலோ! புயிஞ்சாலோ!” என்று கத்தினார்கள். நேபாளியில் நிலநடுக்கம் என்று அர்த்தம், அப்போது அவளுக்குத் தெரியாது. புயல் என்று காதில் விழுந்து, குமரிக்காரிக்குப் புயல் தெரியாதா என்று ஜன்னலைத் திறந்து வானத்தைப் பார்த்தாள். வானம் நிர்மலமாக இருந்தது. கீழே தரை நடந்துபோயிற்று. வெண்ணிலா கதவை இழுக்கிறாள், கதவு வரவில்லை. சட்டம் கோணிக் கதவை இறுக்கிக் கடித்துக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து இழுக்கிறார்கள், நகம் பெயர்கிறது, ஈரத்துணி காலைச் சுற்றுகிறது. எல்லாம் ஆடி ஓய்ந்த பிறகு சீனியர் பையன்கள் வந்து உதைத்துத் திறந்தார்கள். இருவருக்கும் கீறல்தான். கல்லூரியில் யாருக்கும் பெரிதாக ஒன்றுமில்லை. மலைமேலிருந்துதான் அடிபட்டவர்களைக் கொண்டுவந்தார்கள், கதவுகளிலும் ஏணிகளிலும் கிடத்தித் தூக்கி. ஆஸ்பத்திரி முற்றம் நிறைந்து, முதல் வருஷம் கடைசி வருஷம் என்று பாராமல் கையில் கிடைத்ததைக் கொடுத்து நிற்கவைத்தார்கள். அவளிடம் ஒரு குளுக்கோஸ் பாட்டிலைக் கொடுத்து, உயர்த்திப் பிடி என்றார்கள். கீழே தரையில் ஒரு கிழவி. இடுப்புக்குக் கீழே போர்வை. கிழவி அவளையே பார்த்து, “காம் லாக்யோ, காம் லாக்யோ” என்றாள். வலிக்கிறது என்கிறாள்போலும் என்று நினைத்து, “சரியாயிரும் பாட்டி, சரியாயிரும்” என்று தமிழில் சொன்னபடி மத்தியானம் முழுக்க நின்றாள். கை மரத்துப் போயிற்று. சாயங்காலம் யாரோ பாட்டிலை அவள் கையிலிருந்து வாங்கிப் போர்வையைக் கிழவியின் முகத்துக்கு ஏற்றினார்கள். பிறகொரு நாள் கூடப் படிக்கிற சுமன் தாமாங்கிடம் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டாள். “வெயில் அடிக்கிறது என்று அர்த்தம்” என்றான். வெயில். கிழவியின் கண்ணில் வெயில். ஒரு அடி தள்ளி நின்றிருந்தால் ஜெஸ்லினின் நிழல் அந்த முகத்தில் விழுந்திருக்கும். மருந்து வேண்டாம், டாக்டர் வேண்டாம், ஒரு அடி. இதை அவள் சொல்லக் கேட்டுச் சுமன் சிரித்தான். ஏன் சிரித்தான்? மலைமேல் அவன் வீடு விழுந்து அவன் தங்கை போய்ச் சேர்ந்திருந்தாள். காரியம் முடித்துத் திரும்பியவன் அன்றிலிருந்து எல்லாவற்றுக்கும் சிரிக்கிறான். சாப்பாட்டில் கல் கிடந்தால் சிரிப்பு, பரீட்சை தள்ளிப்போனால் சிரிப்பு. இதோ, இப்போதும் முன்வரிசையில் எதற்கோ தோள் குலுங்குகிறது. சிரிக்கிறவனையும் நம்ப முடியவில்லை, தூங்குகிறவளையும் நம்ப முடியவில்லை.

“நீ வா. கதவுப் பக்கம், கடைசியில் இருக்கிற பெண்.” உபாத்யாயின் விரல் அவளை நோக்கி நீண்டிருந்தது. பலகைக்கு முன்னால், துறைத்தலைவர் அறையிலிருந்து கொண்டுவந்த ஒரு சுழல் நாற்காலி. எப்போது கொண்டுவந்து வைத்தார்கள்? அவள் நினைவில் கிழவியோடு நின்ற நேரத்திலா? அத்தனை பேர் இருக்க அவளை ஏன்? பையைச் சாய்த்த காலை அவர் பார்த்துவிட்டார். அந்த மனநல அம்மாளும் இவரும் பேசிவைத்துக்கொண்டு செய்கிறார்கள். கை தூக்காதவர்களை இப்படித்தான் பிடிப்பார்கள் போலிருக்கிறது. “எனக்கு... எனக்குத் தலைவலி சார்.” “தலைவலிக்கும் இதுதான் மருந்து, வா” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எழுந்தாள். கதவுக்கும் நாற்காலிக்கும் இடையில் இருந்த தூரத்தை ஒவ்வொரு பெஞ்சாக அளந்துகொண்டே நடந்தாள். போகிற வழியில் வெண்ணிலா தலையைத் தூக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். பரிதாபமா, கேலியா? உட்கார்ந்ததும் அவர் அவள் தலையைக் கொஞ்சம் முன்னால் சாய்த்துவிட்டு, “கண்ணை மூடு. நான் சொல்லும்வரை திறக்கக் கூடாது. நிறுத்தினதும் உனக்கு எதிர்ப்பக்கம் சுற்றுகிற மாதிரி இருக்கும். அது பொய். காதிலிருக்கிற நீர் சொல்கிற பொய். அப்போது கண்ணைத் திறக்கச் சொல்வேன், உன் கருவிழி துடிப்பதை எல்லோரும் பார்ப்பார்கள்” என்றார். எல்லோரும் பார்ப்பார்கள். நாற்காலி சுற்றத் தொடங்கியது.

முதலில் காற்று. பிறகு சுண்ணாம்புத்தூள் வாசனை ஒரு பக்கம், பெயின்ட் வாசனை மறுபக்கம், திரும்ப சுண்ணாம்பு, திரும்ப பெயின்ட். அதற்குப் பிறகு பக்கம் என்பதே இல்லை. சின்ன வயதில் தேவாலயத் திருவிழா ராட்டினத்தில் அப்பா மடியில் வைத்துக்கொண்டது நினைவு வந்தது, அதுவும் சுற்றிக்கொண்டு போயிற்று. நாற்காலியை ஒரு கை பிடித்து நிறுத்தியது. நின்றுவிட்டதென்று புத்திக்குத் தெரிந்தது. உடம்பு எதிர்ப்பக்கமாக வழுக்கிக்கொண்டு போனது. அடடா, அவர் சொன்ன மாதிரியே! அவளுக்குள் ஒரு சந்தோஷம்கூட எழுந்தது. இத்தனை மாதமாக ஆடாத தரை ஆடிற்று, அதற்கு ஒரு காரணம் கிடையாது, சாட்சி கிடையாது. இன்றைக்குக் காரணத்தோடு ஆடுகிறது. நாற்காலியின் கால்கள் கடகடவென்று அதிர்ந்தன. இதுவும் பொய். பெஞ்சுகள் இழுபடும் சத்தம், யாரோ விழுந்த சத்தம். பார்க்க முண்டியடித்து வருகிறார்கள், பார்க்கட்டும். “புயிஞ்சாலோ!” என்றொரு குரல். ஜெஸ்லின் கண்ணை இறுக்கிக்கொண்டாள். அந்தக் குரலை அவளுக்குத் தெரியும். அது தினமும் கேட்கிற குரல், மெஸ் குக்கர் விசிலில் கேட்கும், லாரி போனால் கேட்கும், தலையணைக்குள் கேட்கும். அதற்கு இனி எழுந்து ஓடுவதில்லை. அவர் திற என்று சொல்லும்வரை திறப்பதில்லை. காத்திருந்தாள். அவர் சொல்லவில்லை. மெதுவாகச் சுழற்சி தேய்ந்தது. வகுப்பில் ஒரு சத்தமும் இல்லை. இத்தனை பேர் இருக்கிற இடத்தில் ஒரு இருமல்கூடவா இருக்காது? சேர்ந்துகொண்டு விளையாடுகிறார்கள். திறந்தாள். அறை இடப்பக்கமாக நழுவிக்கொண்டிருந்தது. நழுவிய பெஞ்சுகளில் யாரும் இல்லை. கவிழ்ந்த பைகள், ஒற்றைச் செருப்புகள், நடைபாதையில் யாருடையதோ கண்ணாடி. அணைத்திருந்த மின்விசிறி தன் கம்பியோடு முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தது. கண் ஆடுகிறதா, விசிறி ஆடுகிறதா? மஞ்சள் சுவரில், கூரை மூலையிலிருந்து, பெயின்ட் உரிந்து தூளாகக் கொட்டிக்கொண்டிருந்தது. கொட்டுகிறது. இது காது சொல்கிற பொய் இல்லை. அவர்கள் எல்லோரும் ஓடிப்போயிருந்தார்கள். அவளைக் கண்ணை மூடச் சொன்ன மனிதரும்.

எல்லோரும் இல்லை. நடு வரிசையில் ஒருத்தி தூணை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, கன்னத்தை அதில் ஒட்டவைத்து நின்றிருந்தாள். வெண்ணிலா. ஜெஸ்லின் எழுந்தாள். கால் ஒரு பக்கம் போனது, பெஞ்சைப் பிடித்துக்கொண்டு குடிகாரியைப்போல நடந்தாள். “வெண்ணிலா, வாடி, வெளிய போலாம்.” அசைவில்லை. கண் திறந்திருந்தது, பார்வை இல்லை. உதடு மட்டும் விடாமல் முணுமுணுத்தது. ஏதோ மந்திரம்போல என்று காதை அருகில் கொண்டுபோனாள். “பார்வதிபுரம்... சுங்கான்கடை... வில்லுக்குறி... தக்கலை... அழகியமண்டபம்... சாமியார்மடம்...” நாமக்கல்லைத் தாண்டித் தெற்கே வந்தறியாதவள் வாயில், அப்பா ஓட்டுகிற பஸ்ஸின் நிறுத்தங்கள், ஒன்று பிசகாமல். காய்ச்சலில் உறங்காமல் அழுத நாட்களில் அப்பா தலைமாட்டில் உட்கார்ந்து இப்படித்தான் வண்டியை ஓட்டிக்கொண்டு போவார், மார்த்தாண்டம் வருவதற்குள் அவள் உறங்கியிருப்பாள். “இதை உனக்கு யாரு சொன்னா?” என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். “எங்கப்பா உன்கிட்ட என்னடி பேசுறாரு? என்னைப் பத்தி என்ன சொன்ன? சொல்லுடி!” கேட்டது கோபத்தில்தான். அந்தக் கோபம்தான் வெண்ணிலாவை எழுப்பியது போலிருக்கிறது. கண் மெல்ல வந்து இவள் முகத்தில் நின்றது. “உன்னைப் பத்தி ஒண்ணுமே சொல்லல புள்ள” என்றாள். “என்னைப் பத்தித்தான் சொன்னேன். எனக்குத் தூக்கமே வர்றதில்ல. என்ற வீட்ல சொன்னா அன்னைக்கே வந்து கூட்டிட்டுப் போயிருவாங்க. உங்கப்பா ஒருநாள் நீ குளிக்கப் போயிருந்தப்ப உன்ற போன்ல கூப்பிட்டாரு, நாந்தான் எடுத்தேன். நல்லா இருக்கியாம்மான்னாரு. என்னமோ தெரியல, அழுதுட்டேன். அதுலருந்து என்ற நம்பருக்கே தெனம் பேசறாரு. பஸ்ஸு போற ஊரெல்லாம் சொல்லிக் குடுத்தாரு. உன்கிட்டச் சொல்லாதீங்கன்னு நாந்தான் சத்தியம் வாங்கிக்கிட்டேன்.” “ஏன்?” “நீதான் கல்லு மாதிரி தூங்கறியே. நீ சிரிச்சிருவ.”

விசிறி ஆடி அடங்கிக்கொண்டிருந்தது. “தாழ்ப்பா?” என்றாள் ஜெஸ்லின். “நாந்தான் தெறந்து வெக்கறேன். நீ போட்டதும் எனக்கு மூச்சு முட்டும். நீ தூங்கற வரைக்கும் காத்துக்கிட்டு இருந்து எந்திரிச்சுத் தெறப்பேன். அன்னைக்கு மாதிரி மாட்டிக்கிச்சுன்னா?” தூங்குகிறவரை காத்திருந்தாளாம். இருவரும் மூச்சை அடக்கி, புரளாமல், ஒருத்தி தூங்குவதற்கு மற்றவள் காத்துக்கொண்டு கிடந்திருக்கிறார்கள். ஜெஸ்லினுக்கு நம்பிக்கை வரவில்லை. இதுவும் ஒரு கதையாக இருந்தால்? அப்பாவுக்கும் இவளுக்கும் பேசிவைத்த ஏற்பாடாக இருந்தால்? வெண்ணிலாவின் விரல்களைத் தூணிலிருந்து பிரிக்கப் பார்த்தாள். ஒன்றைப் பிரித்தால் மற்றது ஒட்டிக்கொண்டது. நகக்கண்களில் சுண்ணாம்பு ஏறி ரத்தம் கசிந்திருந்தது. அந்த விரல்கள் பொய் சொல்லவில்லை என்று தோன்றியது. “எனக்கும் வர்றதில்ல” என்று ஜெஸ்லின் சொன்னாள். யாரிடமும் சொல்லாததைச் சொன்னதும் அந்தக் குரல் தன்னுடையதில்லைபோல இருந்தது. “என்ன வர்றதில்ல?” “உறக்கம்.” வெண்ணிலா அவளை உற்றுப் பார்த்தாள். சந்தேகமாகத்தான் பார்த்தாள். “சும்மா எனக்காகச் சொல்லாத.” “உன் போர்வையில ஓரத்துல தையல் விட்டிருக்கு. வெடியற வெளிச்சத்துல அதைத்தான் பார்த்துட்டுக் கிடப்பேன். போதுமா?” வெண்ணிலாவின் கைகள் தூணை விட்டன. கால்கள்தான் நிற்க மாட்டேனென்றன. தலைசுற்றுகிறவளும் கால் வராதவளுமாக, ஒருத்தியை ஒருத்தி சுவரிலும் கைப்பிடியிலும் சாய்த்துச் சாய்த்துப் படியிறங்கினார்கள். எவள் எவளைத் தாங்கினாள் என்று சொல்வதற்கில்லை.

வெளியே மைதானப் புல்லில் வெயில் பரவிக் கிடந்தது. வகுப்பு முழுவதும் அங்கங்கே உட்கார்ந்தும் நின்றும் வீட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது. சுமன் கொஞ்சம் தள்ளிக் குப்புறப் படுத்து, இரண்டு கையாலும் புல்லைப் பற்றிக்கொண்டு, நெடுநாள் பூட்டிக் கிடந்த குரலில் அழுதுகொண்டிருந்தான். அவன் முதுகில் ஒருத்தன் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தான். உபாத்யாய் இவர்களைப் பார்த்துவிட்டு வேகமாக வந்து, பக்கத்தில் வந்ததும் நின்றுவிட்டார். சட்டைப் பையில் சாக்பீஸ் இன்னும் இருந்தது. “நான் உன்னை அங்கேயே விட்டுவிட்டு...” என்று தொடங்கியவர் முடிக்கவில்லை. பாதிப் படிவரை திரும்ப ஏறியதாகவும், அதற்கு மேல் கால் போகவில்லை என்றும் சொன்னார். காலையில் அவர் வரிசை வரிசையாக முகங்களைப் பார்த்ததற்கு வேறு அர்த்தமும் இருந்திருக்குமோ? தன்னைப்போல வெளுத்த முகம் ஒன்றைத் தேடினாரோ? “நீ ஏன் பயப்படவில்லை?” என்று கேட்டார். கேட்டவருக்குப் பதில் உண்மையிலேயே தேவைப்பட்டது. தைரியசாலி என்ற பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. “பயந்தேன் சார். எது நிஜம்னு தெரியாம உட்கார்ந்திருந்தேன்” என்றாள். “எப்பவுமே தெரியறதில்லை. ஆடாதப்பவும் ஆடுற மாதிரிதான் இருக்கு. இப்பவும்.” உபாத்யாய் தலையசைத்தார். “எனக்கும்” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, பக்கத்திலேயே புல்லில் உட்கார்ந்துகொண்டார்.

வெண்ணிலா அதற்குள் ஜெஸ்லினின் மடியில் தலையைச் சாய்த்திருந்தாள். “கொஞ்ச நேரம்” என்றாள். ஜெஸ்லின் பதில் சொல்வதற்குள் அவள் மூச்சு மாறியது. வாய் திறந்துகொண்டது. ஓரத்தில் எச்சில் வழிந்தது. கை ஒரு தடவை தூக்கிப்போட்டது, கால் எதையோ உதைத்தது, தொண்டையிலிருந்து சின்னதாகக் குறட்டை கிளம்பி, தடுக்கி, மறுபடி கிளம்பியது. ஜெஸ்லின் குனிந்து பார்த்தாள். இதுதானா தூக்கம்? இத்தனை அசைவும் சத்தமும் உள்ளதா? பக்கத்துக் கட்டிலில் அவள் பொறாமையோடு பார்த்தது எதுவும் இதைப்போல இருந்ததில்லையே. மடியின் கனம் ஏற ஏறத் தொடை மரத்துப்போயிற்று. அடியில் பூமி லேசாக நடுங்கியதுபோல இருந்தது, அல்லது அவளுடைய ரத்தமாக இருக்கலாம். ஆடியதா என்று கேட்கப் பக்கத்தில் ஆள் இருந்தது. வெயில் வெண்ணிலாவின் முகத்தில் ஏறிக்கொண்டிருந்தது. அவள் எழுந்துவிடாதபடி, காலை அசைக்காமல் இடுப்பை மட்டும் கொஞ்சம் திருப்பி, தன் நிழல் அந்தக் கண்களின் மேல் விழுமாறு ஜெஸ்லின் உட்கார்ந்துகொண்டாள்.